வசனமே இல்லாத படத்தில் மறுபிறவியை எப்படி உணர்த்துவது?

அந்திவெளிச்சம் (கேள்வி)

காதல், இழப்பு, மறுபிறவி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒரு பரிசோதனைக் குறும்படம் எடுத்திருக்கிறேன். இப்போது படத்தொகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. நீளம் 23 நிமிடங்கள். வசனம் இல்லை, பின்னணிக் குரல் இல்லை, பகுதிகளைப் பிரித்துக் காட்டும் டைட்டில் அட்டைகளும் இல்லை. முதற்பகுதியில் ஒரே வீட்டில் வாழும் ஓர் ஆணும் பெண்ணும். இரண்டாவதில் அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் தனித்திருக்கும் ஆண். மூன்றாவதில் வேறொரு வீடு, வேறு மனிதர்கள், அவர்களிடையே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. முதற்பகுதிப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. சன்னலைச் சாத்தும்போது முழுவதும் சாத்தாமல் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, அதன் வழியே வரும் காற்றில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருப்பாள். மூன்றாம் பகுதியின் முடிவில் அந்தச் சிறுமி இதையே செய்கிறாள். படம் அங்கே முடிந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தவர்களில் யாருக்கும் முதல் இரண்டு பகுதிகளில் குழப்பம் ஏற்படவில்லை. மூன்றாவதற்கு வந்தால் சிலர் சிறுமியை இறந்தவளின் மகள் என்கிறார்கள். சிலர் அது இறந்தவளின் குழந்தைப் பருவம், அதாவது ஃபிளாஷ்பேக் என்கிறார்கள். அந்த ஆண் காணும் கனவு என்று சொன்னவரும் உண்டு. மறுபிறவி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வரி எழுதித் திரையில் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு படத்தில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது என்றே தோன்றுகிறது. எழுத்தையும் பேச்சையும் நாடாமல், படத்தின் வடிவத்துக்குள்ளிருந்தே இதைச் சாதிக்க என்ன வழிகள் இருக்கின்றன? சில காட்சிகளை மறுபடியும் படம்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

வெட்டுமேசை (பதில்)

பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் இறந்ததைக் காட்டிவிட்டு அடுத்து ஒரு குழந்தையைக் காட்டினால், அது இறந்தவரின் பிள்ளை அல்லது இறந்தவரின் இளமை என்று எடுத்துக்கொள்ளும்படிதான் கதைப்படங்கள் நம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த சன்னல் பழக்கமும் அந்த வாசிப்புக்கே துணை நிற்கிறது, ஏனென்றால் இத்தகைய சின்னஞ்சிறு பழக்கங்கள் தாயைப் பார்த்து மகளுக்கு வருபவை. சிறுமி, பழக்கம் ஆகிய இரண்டும் சேர்ந்திருக்கும்வரை ‘மகள்’ என்ற விடை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற எதற்கும் அது இடம் கொடுக்காது.

காலம் கடந்துவிட்டது என்பதை நிறுவுவது முதல் வேலை. வெகுசனப் படங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பதில் தவறில்லை. ஸ்ரீதர் இயக்கி 1963-இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தில் கல்யாண்குமாரும் தேவிகாவும் இரு பிறவிகளிலும் தோன்றுகிறார்கள். முகம் மாறாததால் இவர் யார் என்ற ஐயமே எழுவதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முதற்பிறவியில் அந்தக் காதலைக் குலைத்த ஜமீன்தார் மறுபிறவியின்போதும் மிக முதியவராக உயிரோடு இருப்பதுதான். நம்பியாரின் அந்தக் கிழ உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் இடையில் எத்தனை காலம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் படத்துக்கு ஒரே முகம் என்ற உத்தி வேண்டாம், ஆனால் இரு காலங்களையும் கண்ட ஒரு சாட்சி உதவக்கூடும். இரண்டாம் பகுதியில் தனித்திருந்த அந்த ஆணை, நன்றாக முதுமையடைந்தவராக, மூன்றாம் பகுதியின் ஏதோ ஒரு மூலையில் ஒரு முறை காட்டினால் குழந்தைப் பருவம் என்ற வாசிப்பு அடிபட்டுவிடும்.

இது தகவல் சார்ந்த தீர்வு மட்டுமே. உண்மையான சிக்கல் இரண்டாம் பகுதியில் இருப்பதாக நினைக்கிறேன். வெறும் நாற்காலி, தொங்கும் சேலை, இருவருக்குப் பதிலாக ஒரே தட்டு என்றுதான் அந்தப் பகுதி அமைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியில்லை என்றால் மகிழ்ச்சி. அத்தகைய காட்சிகளில் இழந்தவன் அந்த ஆண் மட்டுமே. பார்வையாளர் எதையும் இழப்பதில்லை. அவனுடைய இழப்பை அவர் அறிந்துகொள்கிறார், அவ்வளவுதான். எதையும் இழக்காத ஒருவருக்கு எதுவும் திரும்பி வர முடியாது. ஆகவே படம் தன்னிடமுள்ள ஏதேனும் ஒன்றைப் பார்வையாளரிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் பகுதியில் அதைத் திருப்பித் தர வேண்டும். அப்போது அவர் ‘மறுபிறவி’ என்ற சொல்லை உச்சரிக்காவிட்டாலும், போன ஒன்று வந்துவிட்டது என்பது அவருடைய உடம்புக்குத் தெரியும்.

கிரிஸ் மார்க்கரின் ‘லா ஜெதே’ 1962-இல் வெளிவந்த 28 நிமிடப் படம். ஒரே ஓர் இடத்தைத் தவிர முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. உறங்கும் பெண்ணின் புகைப்படங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டே வர, பறவைகளின் ஒலி கூடிக்கொண்டே போக, அவள் கண்ணைத் திறந்து பார்க்கிறாள். அந்தச் சில நொடிகள் மட்டும் அசையும் படம். வேறு எந்தப் படத்திலும் ஒரு பெண் கண் விழிப்பது நிகழ்ச்சியே அல்ல. இங்கே மட்டும் அது உயிர் வருவதைப் போலத் தாக்குவதற்குக் காரணம், அசைவு என்ற சாதாரணப் பொருளை மார்க்கர் அதுவரை நம்மிடமிருந்து மறைத்து வைத்திருந்ததுதான்.

உங்களிடம் மூன்று பகுதிகள் இருப்பதால் நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். முதற்பகுதியில் கேமரா நகரட்டும், இருவரையும் பின்தொடரட்டும். அவள் இறந்த கணத்திலிருந்து அது முக்காலியில் நின்றுவிட வேண்டும்; இரண்டாம் பகுதி முழுவதும் ஒரு சிறு நகர்வுகூட இருக்கலாகாது. மூன்றாம் பகுதியும் அசையாமலே தொடங்கி, சிறுமி சன்னலை நோக்கி நடக்கும்போது கேமரா அவளோடு புறப்படட்டும். அந்த நகர்வின் உயரம், வேகம், லென்ஸ் எல்லாம் முதற்பகுதியில் அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்ததைப் போலவே இருக்க வேண்டும். அவளை அறிந்த ஒரு பார்வை மறுபடியும் அவளைக் கண்டுகொண்டது என்று அதற்குப் பொருளாகும். ஒரு சன்னல் சைகையால் இவ்வளவு பாரத்தைச் சுமக்க இயலாது.

கடைசிவரிசை (பதில்)

கேமரா குறித்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முதியவரை மூன்றாம் பகுதிக்குள் கொண்டுவருவதை மட்டும் ஏற்க இயலவில்லை. அவர் திரையில் வந்த நொடியிலிருந்து பார்வையாளர் ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருப்பார்: இவர் அவளை அடையாளம் கண்டுகொள்வாரா? கண்டுகொண்டால் அது மிகையுணர்ச்சி நாடகம், கண்டுகொள்ளாமல் போனால் அது வேறொரு வகை நாடகம். எப்படி முடிந்தாலும் படம் அவருடையதாகிவிடும், மீண்டும் பிறந்தவள் துணைப்பாத்திரம் ஆகிவிடுவாள்.

குறுந்தொகையின் 49-ஆம் பாடலில் அம்மூவனாரின் தலைவி, இம்மை மாறி மறுமை ஆயினும் நீயே என் கணவனாக வேண்டும், நானே உன் நெஞ்சுக்கு ஏற்றவளாக வேண்டும் என்கிறாள். மறுமையில் இருவரும் என்ன உருவில் இருப்பார்கள், எதைக் கொண்டு ஒருவரையொருவர் அறிவார்கள் என்பது பாடலில் இல்லை. ‘நீ’, ‘யான்’ என்ற இரண்டு சொற்களே அவர்களைப் பிறவி கடந்து கொண்டுபோய்விடுகின்றன. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அது ‘நீ’ என்று சொல்ல முடியாது. ஒரு முகத்தைத்தான் காட்ட முடியும், முகம் மாறினால் ஆளும் மாறிவிட்டதாகவே திரை சொல்லும். அந்திவெளிச்சத்தின் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாயா டெரனின் ‘ரிச்சுவல் இன் டிரான்ஸ்ஃபிகர்ட் டைம்’ (1946) இதைத் தாண்டிய விதத்தைக் கவனியுங்கள். அதன் முடிவில் கறுப்பு உடை அணிந்த கைம்பெண் நீருக்குள் மூழ்குகிறாள். படம் நெகடிவாக மாறுகிறது. கறுப்பு உடை வெள்ளையாகி அவள் மணமகளாகிறாள். முகத்தை நம்பாமல் ஒளியையே புரட்டிப் போட்டுவிட்டார் டெரன். ஆனால் இதைப் பார்த்துவிட்டு உங்கள் மென்பொருளில் நெகடிவ் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். துயரத்தின் கறுப்பும் மணத்தின் வெள்ளையும் ஏற்கெனவே உடையில் இருந்ததால்தான் அங்கே நெகடிவ் பேசுகிறது. அந்த ஏற்பாடு இல்லாத படத்தில் அது வெறும் ஜாலம்.

இன்னொரு முனையில் தாய்லாந்து இயக்குநர் அபிசாட்பொங் வீரசெதகுல் இருக்கிறார். 2010-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘அங்கிள் பூன்மி’யின் முழுத் தலைப்பே முற்பிறவிகளை நினைவுகூர வல்லவர் என்று அறிவித்துவிடுகிறது, அதற்குப் பிறகு படத்துக்குள் எது முற்பிறவி என்று இயக்குநர் சுட்டிக்காட்டுவதே இல்லை. அருவியருகே ஓர் இளவரசியும் கெளுத்தி மீனும் வரும் பகுதி பூன்மியின் கடந்த பிறவியா, ஆம் என்றால் அவர் இளவரசியா மீனா என்பதைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார். இறந்த மனைவி சாப்பாட்டு மேசையில் மெல்ல மெல்ல உருவம் பெறும்போது, உடனிருப்பவர்கள் சற்றே திடுக்கிட்டு, பிறகு உறவினர் வந்ததைப் போல நலம் விசாரிக்கிறார்கள். தலைப்பு ஒரு வேலையை முடித்துக் கொடுத்ததால் படத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது என்றும் சொல்லலாம். உங்கள் படத்துக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. திரையில் எழுத்தே கூடாது என்ற விதியிலிருந்து தலைப்பை நீங்கள் விலக்கத்தான் போகிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பார்வையாளர் ‘மறுபிறவி’ என்று சொல்லியே ஆக வேண்டுமா? ‘மகள்’ என்ற விடை தீங்கானது, ஏனென்றால் அது கிடைத்தவுடன் மனம் வேலையை நிறுத்திவிடுகிறது. ‘கனவு’ என்பதும் அப்படியே. ஆனால் விடுகதைக்கு விடை கண்டதைப் போல ஒருவர் ‘மறுபிறவி’ என்று சொன்னாலும் அங்கேயும் மனம் நின்றுவிடும். தவறான இரண்டு கதவுகளை மட்டும் அடையுங்கள். சரியான கதவுக்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை.

செவிவழி (பதில்)

மேலே இருவரும் காட்சியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ஒலியைப் பற்றிப் பறவைகளின் ஒலி என்று ஒரே ஒரு குறிப்பு வந்தது, அதுவும் போகிற போக்கில். முகம் மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று திரை சொல்லும் என்பது உண்மைதான். காது அப்படிச் சொல்வதில்லை. ஒரே ஒலி வேறு படத்தின் மேல் வந்தால், அது எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்வோம். வசனமற்ற படத்தில் இது பெரிய வசதி.

ஒவ்வோர் அறைக்கும் தனக்கென ஓர் அமைதி உண்டு. ஒலிப்பதிவில் ரூம் டோன் என்று சொல்வோம். படப்பிடிப்பின்போது எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்வது வழக்கம். முதற்பகுதி வீட்டின் ரூம் டோன் உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். அதன் மேல் மெல்லிய ஓர் ஒலி அடுக்கைச் சேர்க்கலாம். சன்னல் இடைவெளியில் காற்று நுழையும் ஓசையே போதும், அது ஏற்கெனவே உங்கள் கதைக்குள் இருக்கிறது. முதற்பகுதி நெடுக அந்த ஓசை மிகத் தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். பார்ப்பவர் அதைக் கவனிக்கவே கூடாது. தொடர்ந்து இருக்கும் ஒலியை நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அது நின்றுபோகும்போதுதான் இருந்தது தெரிகிறது. அவள் இறந்ததை நீங்கள் எப்படிக் காட்டியிருந்தாலும், அந்த இடத்தில் இந்த ஓசை வெட்டுண்டு நிற்க வேண்டும், மெல்லத் தேய்ந்து அல்ல. வெட்டுமேசை சொன்ன ‘பறித்தல்’ ஒலியில் மிக எளிதாக நடந்துவிடும்.

இரண்டாம் பகுதியில் முழு நிசப்தம் வைக்காதீர்கள். ஒலித்தடத்தில் எதுவுமே இல்லாவிட்டால் கருவி பழுதாகிவிட்டதோ என்று அரங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரூம் டோன் இருக்க வேண்டும், காற்று மட்டும் இருக்கக் கூடாது. மூன்றாம் பகுதியில் சிறுமி சன்னலைத் தொடுவதற்கு இரண்டு மூன்று நொடிகள் முன்னதாகவே காற்று வந்துவிடட்டும். படம் சொல்வதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிட்டால், அவளுடைய சைகை புதுச் செய்தியாக இல்லாமல் உறுதிப்பாடாக வந்து சேரும்.

இசையில் இதைச் செய்யத் தோன்றும், வேண்டாம். முதற்பகுதியில் வந்த மெட்டு மூன்றாம் பகுதியில் திரும்பினால் ‘இவள்தான் அவள்’ என்று இயக்குநரே வந்து அறிவித்ததற்குச் சமம்.

ஒலியும் படமும் விலகி நிற்பதால் காலம் எப்படி வளைகிறது என்பதைப் பார்க்க ஹாலிஸ் ஃபிராம்ப்டனின் ‘நாஸ்டால்ஜியா’ (1971) மிகச் சிறந்த பாடம். புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடான தட்டின் மேல் எரிகின்றன. குரல் வருணிப்பதோ நம் கண்ணெதிரே எரியும் படத்தை அல்ல, அடுத்து வரப்போவதை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது அதைப் பற்றி ஏற்கெனவே கேட்டுவிட்டிருப்போம், அதே நேரத்தில் அது அழிந்துகொண்டிருக்கும். உங்கள் படத்தில் பேச்சு இல்லை என்பதால் இதை அப்படியே எடுத்தாள முடியாது. ஒலி முன்னே போய்ப் படம் பின்னே வந்தால் மனம் தானாக நினைவைத் தேடத் தொடங்குகிறது என்ற அடிப்படை மட்டும் உங்களுக்குப் பொருந்தும்.

ஒரு நடைமுறை எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காகப் படத்தைக் கைபேசியிலோ மடிக்கணினியிலோ அனுப்பிப் பார்க்கச் சொன்னால் இவை எதுவும் பலிக்காது. சிறிய ஒலிபெருக்கிகளில் தாழ்ந்த அதிர்வெண்கள் எழும்புவதில்லை. ஹெட்ஃபோனாவது அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்திவெளிச்சம்

மூவருக்கும் நன்றி. இரண்டாம் பகுதியைப் பற்றிய ஊகம் கிட்டத்தட்டச் சரிதான். நாற்காலி இல்லை, சேலை இருக்கிறது. முதற்பகுதியில் பெரும்பாலான ஷாட்டுகள் கையில் ஏந்திய கேமராவில் எடுத்தவை, இரண்டாவதில் பாதி அப்படி, பாதி முக்காலியில். நகரும் ஷாட்டுகளை நீக்கிவிட்டால் இரண்டாம் பகுதி ஒன்பது நிமிடங்களிலிருந்து ஐந்தரை நிமிடங்களுக்கு இறங்குகிறது. இழப்பு போதிய நேரம் நீடிக்காமல் போய்விடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. முதியவரைச் சேர்க்கப் போவதில்லை. காற்றின் ஓசையை இன்றே முயன்று பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. சிறுமியை வைத்துக்கொண்டே ‘மகள்’ என்ற கதவை அடைக்க முடியுமா, அல்லது வயதுவந்த ஒருத்தியைத்தான் தேட வேண்டுமா? பிறப்பு என்ற உணர்வு குழந்தையோடு வருவதால் அவளை விட மனம் வரவில்லை.

வெட்டுமேசை

ஐந்தரை நிமிடங்கள் குறைவே அல்ல. நகர்வே இல்லாத ஐந்தரை நிமிடங்கள் கலவையான ஒன்பது நிமிடங்களைவிட நீளமாகத் தெரியும். நீக்கிவிட்டு ஒரு முறை தொடர்ச்சியாக ஓட்டிப் பாருங்கள். சேலை ஷாட்டையும் அப்போதே எடுத்துவிடலாம். அவள் இல்லை என்பதை அசையாத கேமராவும் நின்றுபோன காற்றும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சேலை அதையே இன்னும் உரக்கச் சொல்கிறது.

முதியவரைப் பற்றி கடைசிவரிசை சொன்னது நியாயமான மறுப்பு. ஆனால் காலம் கடந்ததற்கான அடையாளம் இன்னும் தேவைப்படுகிறது. ஆளுக்குப் பதில் பொருளில் அதைத் தேடுங்கள். முதற்பகுதியில் அவர்கள் கையாளும் ஏதேனும் ஒரு கருவி, உதாரணமாகத் தொலைபேசி, மூன்றாம் பகுதியில் ஒரு தலைமுறை தாண்டிய வடிவில் இருந்தால் போதும். குளோசப் வேண்டாம், சட்டகத்தின் ஓரத்தில் இருந்தாலே குழந்தைப் பருவம் என்ற வாசிப்பு எழாது.

சிறுமியைப் பொறுத்தவரை, ‘மகள்’ என்ற வாசிப்பைத் தடுக்க அவளுடைய தாயைத் தெளிவாகக் காட்டலாம். உயிரோடு, அருகில், அவளைக் கடிந்துகொள்ளும் ஒரு தாய். அந்தத் தாய் சன்னலை முழுவதும் சாத்துபவளாக இருக்கட்டும். சிறுமி போய் மீண்டும் ஒரு விரல் அளவு திறக்கட்டும். பழக்கம் தாயிடமிருந்து வரவில்லை என்பது ஒரே செயலில் விளங்கிவிடும். எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் மிஞ்சும், உங்களுக்கு வேண்டியதும் அந்தக் கேள்விதான். இதற்கு ஒரு நாள் படப்பிடிப்பு போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை படத்தைக் காட்டும்போது ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு விடையைக் கண்டுபிடித்துத் தந்துவிடுவார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் பகுதியை விவரிக்கும்போது ஒருவர் சிறுமியை மறதியாக ‘அந்தப் பெண்’ என்று குறிப்பிட்டால் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவும் செய்த பிறகும் ‘மகள்’ என்பவர்கள் மிகுந்தால் மட்டும் வயதுவந்த நடிகையைத் தேடுங்கள். அப்போதும் முதல் நடிகையின் சாயல் துளியும் இல்லாதவராகப் பாருங்கள்; சாயல் இருந்தால் அவளுடைய தங்கை என்று சொல்வதற்கு ஒருவர் நிச்சயம் வருவார்.